நாய், சினிமா, கிறிஸ்துமஸ்: துணுக்கு போடுவதென்றால் வேரோடு போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் கிறிஸ்துமஸ், நாய்கள், சினிமா என்று மூன்று கட்டம் கட்டி ஆச்சரியத் துணுக்குகள் போட்டிருந்தீர்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் அதை வெட்டி வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டு மடக்கிக்கொண்டு திரிகிறார்கள், அதனால்தான் இந்தக் கடிதம். யாரும் படிக்காத பக்கமாக இருந்தால் நான் பேனாவையே எடுத்திருக்க மாட்டேன்.

முதலில் ஒன்று. மூன்றுக்கும் நடுவில் கோடு போட்டுப் பிரித்துவிட்டீர்கள், ஆனால் அந்த மூன்றும் ஒன்றாகச் சேருகிற இடம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் காணோம். 1895 டிசம்பர் 28, பாரிஸ் நகரத்தில் கிராண்ட் கஃபேயின் கீழ்த்தளம். கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றாம் நாள். லூமியேர் சகோதரர்கள் ஆளுக்கு ஒரு ஃபிராங்க் டிக்கெட் போட்டுப் பத்துக் குட்டிப் படங்களைத் திரையில் ஓட்டினார்கள், சினிமாவின் பிறந்தநாள் என்று பெரும்பாலும் சொல்லப்படுவது அந்த நாளைத்தான். முதலில் ஓடியது லியோன் நகரத்தில் இருந்த அவர்களுடைய சொந்தத் தொழிற்சாலையிலிருந்து வேலையாட்கள் வெளியே வருகிற படம். ஒரு நிமிஷம்கூட ஓடாது. அந்தக் கூட்டத்துக்குள் ஒரு நாய் அது பாட்டுக்குக் குறுக்கே ஓடுகிறது! கதாநாயகன், வில்லன், பாட்டு, சண்டை எதுவும் வராத காலத்திலேயே நாய் திரைக்கு வந்தாயிற்று. இப்படி ஒரு தகவலை விட்டுவிட்டு 'நாய்க்கு மூக்கில் வியர்க்கும்' என்று போட்டால் எப்படி?

அதிலிருந்து பத்து வருஷம் தள்ளி, 1905-ல், இங்கிலாந்தில் செசில் ஹெப்வொர்த் என்பவர் 'ரெஸ்க்யூட் பை ரோவர்' என்று ஒரு படம் எடுத்தார். திருடிக்கொண்டு போன குழந்தையை வீட்டு நாய் தேடிக் கண்டுபிடிக்கிற கதை. நடித்ததில் முக்கியமானவர்கள் வீட்டு ஆட்கள்தான்: அவர், அவர் மனைவி, அவர்கள் குழந்தை, அப்புறம் பிளேர் என்ற அவர்கள் வீட்டு நாய். பிரதி கேட்டு வந்த கிராக்கியில் நெகட்டிவே தேய்ந்துபோய், முதலிலிருந்து இரண்டு தடவை திரும்ப எடுத்தார்கள். ரீமேக் என்று இன்றைக்கு ஆளாளுக்குச் சலித்துக்கொள்கிறோம், நாய்ப் படத்துக்காக அது 1905-லேயே நடந்திருக்கிறது.

அதே 1905-ல் நம்ம பக்கம் என்ன நடந்தது என்பதையும் பக்கத்திலேயே போட்டிருக்கலாம். திருச்சியில் ரயில்வேயில் படம் வரைகிற வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் இருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டக் கிளம்பினார். அந்தச் சுருள்களில் முக்கியமானது இயேசுவின் வாழ்க்கை வரலாறு. பிற்பாடு கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டியதும் அவர்தான். பம்பாயில் பால்கேயும் இயேசுவின் படத்தைப் பார்த்துவிட்டுத்தான், நம்ம கிருஷ்ணனையும் ராமனையும் இப்படித் திரையில் காட்ட முடியாதா என்று யோசித்து 1913-ல் 'ராஜா ஹரிச்சந்திரா'வைக் கொண்டுவந்தார். புராணப் படங்கள் நம்ம நாட்டுக்கு வந்த வழி அது.

அடுத்தது ரின் டின் டின். முதல் ஆஸ்கரில் சிறந்த நடிகருக்கான அதிக ஓட்டு வாங்கியது ஒரு நாய், வெட்கப்பட்டுக்கொண்டு மனிதருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த முதல் வருஷம் கடைசி முடிவை எடுத்தது ஐந்து நடுவர்கள், எல்லா உறுப்பினர்களும் ஓட்டுப் போட்டு எண்ணிப் பார்க்கிற ஏற்பாடே அப்போது கிடையாது. 1929 மே மாத விழாவில் பரிசு எமில் ஜானிங்ஸுக்குப் போனது. நாய்க்கு அதிக ஓட்டு என்பது வாய்வழியாக வளர்ந்த கதை, அதற்கு ஆதாரம் இல்லை.

இத்தனைக்கும் அந்த நாயின் உண்மைக் கதையே போதும். முதல் உலகப்போர் முடியப்போகிற சமயம், 1918 செப்டம்பரில், பிரான்சில் ஃப்ளிரே என்ற கிராமத்தில் குண்டு விழுந்து சிதைந்துகிடந்த நாய்க்கொட்டடிக்குள் லீ டங்கன் என்ற அமெரிக்கச் சிப்பாய், ஒரு தாய்நாயையும் கண் திறக்காத குட்டிகளையும் பார்க்கிறார். இரண்டு குட்டிகளைத் தனக்கென்று வைத்துக்கொண்டு, அந்தக் காலத்தில் பிரான்சில் ராசிக்காக வைத்துக்கொள்கிற நூல் பொம்மைகளின் பெயரையே அவற்றுக்குச் சூட்டினார். பெட்டைக்குட்டி அமெரிக்கா போய்ச் சேர்ந்த கையோடு நோயில் செத்துவிட்டது. மிஞ்சிய கடுவன் ரின் டின் டின்தான் வார்னர் பிரதர்ஸ் படங்களில் நடித்து அந்தக் கம்பெனிக்குக் காசைக் கொட்டியது, 1932 வரை உயிரோடு இருந்தது. ஹாலிவுட் நடைபாதையில் நட்சத்திரம் பதித்த நாய்கள் மூன்று: ஸ்ட்ராங்ஹார்ட், ரின் டின் டின், லாசி. இதைப் போடுங்கள், பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்.

லாசி விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி, 1943-ல் வந்த 'லாசி கம் ஹோம்' படத்தில் பெட்டைநாயாக நடித்தது பால் என்ற கடுவன். ஆனால் ஏன் என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். அந்தக் கோலி ஜாதியில் பெட்டைக்குக் கோடையில் முடி ஏகத்துக்கு உதிரும், கடுவனுக்கு உடம்பும் பெரிது, முடியும் அடர்த்தி, கேமராவுக்கு அதுதான் எடுப்பு. நம்ம ஊர் பாய்ஸ் நாடகக் கம்பெனிகளில் பையன்கள் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேஷம், கட்டிய மாதிரிதான். இதற்கு நேர்மாறாக, 1939-ல் வந்த 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் டோட்டோ என்ற கடுவனாக வந்தது டெர்ரி என்ற பெட்டை. அதற்கு வாரம் 125 டாலர் சம்பளம், கூட நடித்த குள்ள மனிதர்களுக்குக் கிடைத்ததோ 50 டாலர்தான். (இங்கே 1935-ல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனார் வேடம் கட்டி ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார். அம்மையாரை யாரோடும் ஒப்பிடவில்லை, காலத்துக்காகச் சொல்கிறேன்.)

சரி, பனி. கிறிஸ்துமஸ் மரத்தில் பனிக்குப் பதிலாகப் பஞ்சு வைக்கலாம் என்று ஒரு யோசனை போட்டிருந்தீர்கள். நம்ம பக்கம் சவுக்குக் கிளையைக் கொண்டுவந்து மணல் வாளியில் நட்டு, பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து ஒட்டி, மேலே சீரியல் பல்பைச் சுற்றுவது எத்தனையோ வருஷப் பழக்கம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பஞ்சுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஹாலிவுட்காரர்களும் ஆரம்பத்தில் பஞ்சைத்தான் பனியாகப் பரப்பினார்கள். சட்டென்று தீப்பிடிக்கிற சாமான் என்பதால், தீப்பிடிக்காத பனி வேண்டும் என்று போய் விழுந்தது ஆஸ்பெஸ்டாஸில்! படப்பிடிப்பில் மட்டும் இல்லை, வீட்டில் கிறிஸ்துமஸ் மரத்தில் தூவிக்கொள்ள டப்பாவில் போட்டுக் கடையிலேயே விற்றார்கள். நுரையீரலைத் தின்னுகிற அந்தத் தூளைப் பிள்ளைகள் தலையில் கொட்டி விளையாடியிருக்கிறார்கள்.

பெயின்ட் அடித்த கார்ன்ஃபிளேக்ஸையும் பனியாக்கினார்கள். மிதித்தால் நறநறவென்று சத்தம் கேட்கும், அதனால் வசனத்தைப் பிறகு தனியாகப் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. 1946-ல் ஃபிராங்க் காப்ரா 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' எடுத்தபோது இது ஒத்துவராது என்று, தீயணைக்கிற நுரையோடு சோப்பும் தண்ணீரும் சேர்த்துப் புதுப் பனி செய்தார்கள், அந்தக் கண்டுபிடிப்புக்கு ஆஸ்கரில் தொழில்நுட்பப் பரிசும் கிடைத்தது. அவ்வளவு பனி கொட்டுகிற படத்தை எடுத்ததோ கொளுத்துகிற கோடையில். அந்தப் படம் வந்த புதிதில் பெரிதாக ஓடவும் இல்லை. 1974-ல் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள், காசு கொடுக்க வேண்டாம் என்றதும் அமெரிக்க டிவிக்காரர்கள் ஒவ்வொரு டிசம்பரிலும் போட்டுப் போட்டே அதை எல்லா வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். பத்து வருஷமாக ஒரே படத்தைப் பண்டிகைக்குப் பண்டிகை போடுகிற நம்ம சேனல்களைத் திட்டுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குச் சிவப்புச் சட்டை போட்டுவிட்டது கோகோ கோலா கம்பெனி என்ற துணுக்கும் தப்பு. அந்தக் கம்பெனிக்காக ஹாடன் சண்ட்ப்ளம் என்ற ஓவியர் 1931-லிருந்து வரைந்தது உண்மை, அந்தப் படங்கள் உலகம் முழுக்கப் பரவியதும் உண்மை. ஆனால் தாமஸ் நாஸ்ட் என்ற கேலிச்சித்திரக்காரர் 1863-லேயே தாத்தாவைப் பத்திரிகையில் வரைய ஆரம்பித்துவிட்டார், சிவப்பு உடுப்பும் கோலா விளம்பரத்துக்கு முந்தியதுதான். தாத்தா திரைக்கு வந்ததோ அதைவிட ஆச்சரியம்: பாரிஸ் காட்சி முடிந்து மூன்றே வருஷத்தில், 1898-ல், இங்கிலாந்தில் ஜி.ஏ. ஸ்மித் என்பவர் ஒரு நிமிஷப் படம் எடுத்தார். பிள்ளைகள் தூங்குகிற அறையையும் கூரைமேல் தாத்தா வந்து இறங்குவதையும் ஒரே சட்டகத்துக்குள் சேர்த்துக் காட்டினார். கம்ப்யூட்டர் இல்லாத கிராஃபிக்ஸ்.

கேரல் ரவுண்ட்ஸில் டிரம்ஸோடு வாசிக்கிற 'ஜிங்கிள் பெல்ஸ்' பாட்டில் கிறிஸ்துமஸ் என்ற சொல்லே கிடையாது, 1857-ல் வெளிவந்த குதிரைச் சறுக்குவண்டிப் பாட்டு அது. 1965 டிசம்பரில் ஜெமினி 6 விண்கலத்தில் ஹார்மோனிகாவும் மணியும் வைத்து வாசித்த பிறகு, விண்வெளியில் வாசித்த முதல் பாட்டு என்ற பெயரும் அதற்குச் சேர்ந்துவிட்டது. கிறிஸ்தவர்களே கிறிஸ்துமஸைத் தடை செய்ததும் உண்டு: அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம்.

இதெல்லாம் வெளியூர்ச் சரக்கு. நம்ம சீமையில் துணுக்குக்குப் பஞ்சமா என்ன? பாளையங்கோட்டையில் கிளாரிந்தா என்ற விதவைப் பெண் 1785-ல் கட்டிய கிறிஸ்தவக் கோயில் இன்றும் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்ற பெயரோடு நிற்கிறது. ஊசிக்கோபுரம் என்று நாங்கள் சொல்கிற பேராலயம் 1826-ல் வந்தது, கால்டுவெல் கட்டிய இடையன்குடி கோயில் 1880-ல். 'ஜிங்கிள் பெல்ஸ்' அச்சாவதற்குப் பல பத்தாண்டு முன்னாலேயே தமிழில் கீர்த்தனை கீர்த்தனையாகப் பாடி வைத்த வேதநாயகம் சாஸ்திரியார் 1774-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். ரட்சணிய யாத்திரிகம் என்ற கிறிஸ்தவக் காவியம் பாடிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை ஊர் நெல்லைப் பக்கத்துக் கரையிருப்பு. உங்கள் கிறிஸ்துமஸ் கட்டத்தில் இவர்களில் ஒருத்தருக்கும் இடம் இல்லை, ஜப்பான்காரர்கள் கிறிஸ்துமஸுக்குக் கோழி வறுவல் வாங்க வரிசையில் நிற்பதற்கு மட்டும் ஏழு வரி.

நாய்க் கட்டத்திலும் அதே கதைதான். லாப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும் பக்கத்தை நிறைத்திருக்கிறது, சிப்பிப்பாறையும் கன்னியும் எங்கே போயின? முயலை விரட்டிப் பிடிக்கிற வேட்டைநாய்கள், கரிசல்காட்டு வெயிலுக்கென்றே வளர்ந்த உடம்பு. ராஜபாளையம் நாய்க்குப் பால்வெள்ளை உடம்பும் ரோஜா நிற மூக்கும் அடையாளம், அந்த வெள்ளையோடு சேர்ந்து காது கேளாமையும் சில குட்டிகளுக்கு வந்துவிடும் என்பது வளர்க்கிறவர்களுக்குத் தெரியும். 2005 ஜனவரியில் தபால்துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையம் அதில் ஒன்று. அது வேற மாவட்டம் என்று யாராவது சொன்னால், 1910-ல் ராமநாதபுரம் ஜில்லாவைப் பிரிக்கும் வரை அந்தப் பக்கமும் திருநெல்வேலி ஜில்லாதான் என்று பதில் போடுங்கள். சினிமாவும் நாயும் என்று எழுதிவிட்டு, 2018-ல் நம்ம மண்ணில் எடுத்த 'பரியேறும் பெருமாள்' படத்தில் வருகிற நாய் கருப்பியை விட்டதை என்னால் ஏற்கவே முடியவில்லை. தண்டவாளத்தில் கருப்பிக்கு நேர்ந்ததைப் பார்த்துவிட்டு சாதியைப் பற்றி வீட்டில் பேச ஆரம்பித்த பிள்ளைகள் உண்டு, எந்த லாசியும் இந்த ஊரில் அதைச் செய்ததில்லை.

கடைசியாக ஒன்று, ஆச்சரியத்துக்காக இல்லை, அவசரத்துக்காக. பண்டிகை நாளில் முறுக்கு, முந்திரிக்கொத்தோடு பிளம் கேக்கும் வீடு வீடாகப் போகும், பிள்ளைகள் ஆசையாக நாய்க்கும் ஒரு துண்டு போடுவார்கள். உலர்திராட்சை நாய்க்கு விஷம், கொஞ்சம் தின்றாலே சிறுநீரகம் கெட்டுப்போகலாம். சாக்லேட்டும் ஆகாது, அதில் உள்ள தியோபுரோமின் என்ற பொருளை நாயின் உடம்பு சீக்கிரம் வெளியேற்றாது. நடுராத்திரி ஆராதனை முடிந்து வெடி போடுகிற வீடுகளில் நாயை உள்ளறையில் விடச் சொல்லுங்கள், நமக்குக் கேட்காத உச்சச் சத்தமெல்லாம் அதற்குக் கேட்கும். திராட்சை விஷயத்தை மட்டுமாவது 24-ஆம் தேதிக்கு முன்னால் முதல் பக்கத்தில் போட்டுவிடுங்கள், மற்றதை ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை