கொம்பன் வரும் வழி

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆப்பிள் தோட்டங்களில் மான் தொல்லை பற்றிய கட்டுரையில், 'எங்கிருந்தோ வந்து தின்றுவிட்டுப் போகிறது' என்று எழுதியிருந்தீர்கள். எங்கிருந்தோ இல்லை. இங்கே மிச்சிகனில், பக்கத்து வீட்டுப் பெரியவரின் தோட்டத்தில் மூன்று வருடமாக அவரோடு வேட்டைக்குப் போகிறேன் (உரிமத்தோடுதான்).

முதல் வருடம், பழம் அதிகம் உதிர்ந்து கிடந்த மரத்துக்கு எதிரே உட்கார்ந்தேன். பெட்டைகளும் குட்டிகளும் வந்தன, கொம்பன் (கொம்புள்ள ஆண் மான்) வரவில்லை. "அது இருட்டும்வரை புதர் ஓரத்திலேயே நிற்கும்" என்றார் பெரியவர். மறுநாள் மழை ஈரத்தில் குளம்புத் தடம் பிடித்து நடந்தோம். பகலில் படுக்கை சதுப்புநிலப் புதரில். அங்கிருந்து வேலி தாழ்ந்த இடம், பிறகு கடைசி வரிசை மரங்கள். அவற்றில் கொம்பு உரசிப் பட்டை உரிந்திருந்தது; கிளைக்கடியில் காலால் பறண்டிய மண் இன்னும் ஈரம் காயவில்லை.

அதைவிட முக்கியம் காற்று. அந்தி சாய்ந்தால் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கும். நான் மேட்டில் உட்கார்ந்திருந்தேன். என் வாடை, ஃபிளாஸ்க் காபி உட்பட, நேராகக் கொம்பன் நிற்கும் பள்ளத்துக்குப் போயிருக்கிறது. நவம்பர் 15-இல் துப்பாக்கி வேட்டைப் பருவம் தொடங்கி வெடிச்சத்தம் கேட்டதும், பகலில் வந்துகொண்டிருந்தவையும் ராத்திரிக்கு மாறிவிட்டன.

நம்மூரில் மானை வேட்டையாடினால் 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஆனால் சொந்தத் தோப்பில் தடம் பார்க்கத் தடையில்லையே. தென்காசிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் என் அத்தான் இதைக் கேட்டுவிட்டு, மிளா (கடமான்) இறங்கும் ஓடைப் பக்கம் முதலில் வேலி போட்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மிச்சிகன்