டீச்சருக்கு: பெட்டியை மூடிவிட்டேன்

அன்புள்ள டீச்சர்,

நேற்று மாலை உங்கள் ஜியோகேச்சிங் பெட்டியின் இணையப் பக்கத்தை நிரந்தரமாக மூடிவிட்டேன். அதை நீங்கள் இன்னும் கவனிப்புப் பட்டியலில் வைத்திருப்பதால், இந்தக் கடிதத்துக்கு முன்பே அறிவிப்பு பெர்த்துக்கு வந்து சேர்ந்திருக்கும். படித்துவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருந்திருப்பீர்கள். பிறகு உங்கள் மகளைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பீர்கள்.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, இன்னொன்று வைத்துவிடு" என்பீர்கள். உங்கள் குரலில் அதைக் கேட்டால் எனக்கு மறுக்க வராது. ஒவ்வொரு முறையும் அப்படித்தான் ஆகியிருக்கிறது. அதனால் இந்த முறை முதலில் மூடினேன், பிறகு எழுதுகிறேன்.

எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. ஒருவர் ஒளித்துவைத்த பெட்டியை ஜிபிஎஸ் பார்த்துத் தேடி, உள்ளே இருக்கும் பதிவேட்டில் எழுதிவிட்டுத் திரும்ப வைக்கும் இந்த விளையாட்டைப் பினாங்கில் ஆடுகிறவர்கள், ஏன் மூடினாய் என்று நேற்றிரவிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எந்தப் பாதை, எந்தப் பாறை என்று மட்டும் எழுதமாட்டேன். மூடியபின் எதற்கு ரகசியம் என்று தோன்றலாம். அதே மலைப்பாதையில் மற்றவர்கள் வைத்த பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. வைத்தவர்கள் இதைப் படிப்பார்கள். எடுக்கிறவரும் படிக்கக்கூடும்.

2017 நவம்பரில் நாம் ஏறிப்போன அந்த நாள் நினைவிருக்கிறதா டீச்சர்? 4ஆம் தேதி இரவு பிடித்த புயல்மழையில் தீவு முழுக்க வெள்ளம். கொடிமலைச் சரிவுகளில் மண் சரிந்து, மரங்கள் குறுக்கே கிடந்தன. பாதை நடக்கும்படி ஆனதும் நீங்கள் என்னை அழைத்தீர்கள். தண்ணீர்மலைக் கோயில் பக்கம் மோட்டாரை நிறுத்திவிட்டு ஏறினோம். "பெட்டி போயிருக்கும், மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்" என்று வழியெல்லாம் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தீர்கள்.

பெட்டி போகவில்லை. பாறை இடுக்கில் அப்படியே இருந்தது. அத்தனை தண்ணீர் வந்தும் அதை அசைக்கவில்லை. ஆனால் மூடி திறந்து கிடந்தது. நீங்கள் வேரோடு சேர்த்துக் கட்டியிருந்த கம்பி துண்டாகியிருந்தது; இரண்டு முனையும் மழுமழுவென்று, குறடு வைத்து நறுக்கிய மாதிரி. வெள்ளம் கம்பியை நறுக்காது. பிள்ளைகள் போட்ட கோலிக்குண்டு, அழிப்பான், பள்ளிச் சின்னம் எல்லாவற்றையும் ஓடைப்பக்கம் கொட்டியிருந்தார்கள். பதிவேட்டைக் கிழித்துப் பெரணிச் செடிகளுக்கிடையே வீசியிருந்தார்கள்.

நான் கத்தினேன். நீங்கள் ஒன்றும் பேசாமல் குனிந்து தாள்களைப் பொறுக்க ஆரம்பித்தீர்கள். ஒவ்வொரு தாளையும் இலையோடு சேர்த்து எடுத்து, பிறகு இலையை உரித்தீர்கள். முழங்கால் வலி உங்களுக்கு அப்போதே இருந்தது. அன்றிரவு உங்கள் வீட்டு வரவேற்பறையில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் நாளிதழை விரித்து, ஒட்டிக்கொண்ட தாள்களை வெண்ணெய் பூசும் கத்தியால் பிரித்தோம். மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டீர்கள். மை ஓடிப்போய்ப் பாதி எழுத்து போய்விட்டது. ஒரு தாளில் மட்டும் பென்சில் எழுத்து முழுதாக இருந்தது. ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவன் எழுதியது: "அப்பாவுடன் வந்தேன். அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. எனக்கு வாங்கவில்லை."

அதை நீங்கள் இரண்டு முறை வாய்விட்டுப் படித்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "கம்பி கட்டியிருக்கக் கூடாது. கட்டிவைத்ததைப் பார்த்து உள்ளே ஏதோ விலையுள்ள பொருள் இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்."

அந்தச் சொல்லை நான் நெடுநாள் பெரிய ஞானம் என்று நினைத்திருந்தேன். எனக்குப் பழக்கமான எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்: பூட்டாதே, கட்டாதே, நான்கு மொழியில் குறிப்பு ஒட்டு, யாரும் திறந்து பார்க்கட்டும், பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கட்டும். இப்போது அதை நினைத்தால் எரிச்சல் வருகிறது, டீச்சர். குறடு கொண்டுவந்தவனை விட்டுவிட்டு, கம்பி கட்டிய உங்கள் கையைக் குற்றம் சொன்னீர்கள். மலைப்பாதைக்கு யாராவது தற்செயலாகக் குறடு கொண்டுவருவார்களா?

எது எடுத்தது என்று தடயம் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள். குரங்கு என்றால் மூடியின் மூலையில் பல் பதிந்திருக்கும். தின்ன ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் போட்டுவிட்டுப் போய்விடும். தண்ணீர் என்றால் உள்ளே மணல் படிந்திருக்கும். டெங்கிக்காகக் கொத்தோங் ரோயோங், அதாவது ஊரார் கூடிச் செய்யும் துப்புரவு, நடந்திருந்தால், சுற்றிலும் ஒரு பாட்டில் மூடிகூட இருக்காது. அவர்கள் மேல் எனக்கு ஒரு நாளும் வருத்தம் இல்லை. தண்ணீர் தேங்கும் எதையும் எடுப்பது அவர்கள் வேலை. தைப்பூசத்துக்கு முந்தின வாரம் பெட்டியை இறக்கிவிட்டு, கூட்டம் கலைந்தபின் மீண்டும் ஏற்றியதும் அப்படித்தான். மக்கள் வரும் இடத்தில் நாம்தான் ஒதுங்க வேண்டும்.

ஆனால் கடைசியாகப் போனவற்றில் இந்தத் தடயம் எதுவும் இல்லை. பெட்டி போயிருக்கும், மறைப்புக் கல் மட்டும் பழையபடி வாயில் சாத்தியிருக்கும். கல்லைத் திரும்பச் சாத்திவிட்டுப் போகும் பழக்கம் தற்செயலாக வருகிறவருக்கு இராது. அது நமக்குள் ஒருவருடைய கை. சிலர் ஒரு பெயரைச் சொல்கிறார்கள். எந்தெந்த நாளில் யார் அந்தப் பக்கம் பதிவு போட்டார் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நான் அந்தப் பெயரை எழுதமாட்டேன். என்னிடம் சான்று இல்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

பெட்டிக்குப் பெட்டி கைமாறிப் பயணம் போவதற்காகப் பிள்ளைகள் அனுப்பிய, எண் பொறித்த உலோக வில்லையும் அப்படித்தான் போனது. வகுப்பறைச் சுவரில் வரைபடம் ஒட்டி, அது போன ஊருக்கெல்லாம் நூல் கட்டினீர்களே, அந்த வில்லை. தஞ்சாவூர் போக வேண்டும் என்று எழுதி அனுப்பினோம். பாங்காக் போனது, ஜெர்மனி போனது, தஞ்சாவூர் மட்டும் போகவில்லை. யாரோ ஒரு பயணி அதைத் திரும்பப் பினாங்குக்கே கொண்டுவந்து, நம் பெட்டியிலேயே போட்டார். ஒரு வாரத்துக்குள் காணவில்லை. அதை விற்றால் ஒரு வெள்ளிகூடக் கிடைக்காது. எண்ணைப் பதிவு செய்யாவிட்டால் அது வெறும் தகரம். இந்த ஒன்றை மட்டும் நான் உங்களிடம் சொல்லாமலே வைத்திருந்தேன். அப்போது உங்களுக்கு அறுவைச் சிகிச்சை முடிந்திருந்த நேரம்.

திருட்டைவிட இன்னொன்று என்னை அதிகமாக நோகடித்தது. பெட்டி இல்லாத நேரத்தில் மலையேறி வருகிறவர், "கிடைக்கவில்லை" என்று நேர்மையாக எழுதிவிட்டுப் போவதில்லை. பையிலிருந்து ஒரு ஃபிலிம் டப்பியை எடுத்து அங்கே செருகிவிட்டு, "கண்டுபிடித்தேன், உரிமையாளருக்கு உதவியாக மாற்றுப் பெட்டி வைத்தேன்" என்று எழுதுகிறார். எண்ணிக்கையில் ஒன்று கூடிவிட்டது அல்லவா! ஒரு சமயம் அந்த ஒரே பாறையடியில் மூன்று டப்பிகள் இருந்தன. மூன்றிலும் ஈரத்தாள். நான் மலையேறி எடுத்துவந்தது நம் பெட்டியை அல்ல, மற்றவர்கள் போட்ட குப்பையை. அவர்களில் சிலர் எனக்கு நண்பர்கள், நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். ஆனாலும் சொல்கிறேன்: உரிமையாளரைக் கேட்காமல் அப்படி வைப்பது உதவி ஆகாது.

நான் முயலவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் பெட்டியை யாரும் தொடவில்லை. பாதைகள் திறந்து கூட்டம் ஏறத் தொடங்கியதும் மறுபடி போனது. பக்கத்தைக் கட்டண உறுப்பினர் மட்டும் பார்க்கும்படி மாற்றினேன். துப்பு வரியைக் கடினமாக்கினேன். பாதையிலிருந்து இன்னும் உள்ளே, சரிவில் இறங்கிப் பார்க்கும் இடத்துக்கு நகர்த்தினேன். கடைசியில் ஒரு புதிரை விடுவித்தால்தான் இடமே தெரியும் என்று செய்தேன். நீங்கள் வைத்தபோது கடினம் ஐந்துக்கு ஒன்றரை. நேற்று மூடும்போது நான்கு.

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. மூச்சு வாங்காத அந்த ஆறாம் ஆண்டுப் பையனைப் போன்ற ஒரு பிள்ளை இன்று வந்தால் அந்தப் பெட்டியை எடுக்க முடியாது. கட்டணம் கட்டியிருக்க வேண்டும், புதிர் தெரிந்திருக்க வேண்டும், சரிவில் இறங்க வேண்டும். திருடுகிறவருக்கோ இவை எதுவும் தடையாக இல்லை. நான் காத்ததெல்லாம் பிள்ளைகளிடமிருந்துதான் காத்திருக்கிறேன். நீங்கள் யாருக்காக வைத்தீர்களோ அவர்களால் தொட முடியாத ஒன்றை, உங்கள் பெயரில் ஏன் நடத்த வேண்டும்?

இதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். சென்ற முறை எழுதியதையே எழுதுவீர்கள்: வாஷிங்டன் மாநிலத்தில் அந்தப் பழைய பெட்டி 2011இல் திருடுபோய் 2017இல் மறுபடி திறக்கவில்லையா என்று. திறந்தது, மறுக்கவில்லை. ஓரிகனில் 2000 மே 3ஆம் தேதி டேவ் உல்மர் வைத்த முதல் வாளிகூட நிலைக்கவில்லை, இன்று அங்கே நினைவுத் தகடுதான் இருக்கிறது என்றும் பிள்ளைகளுக்குச் சொல்வீர்கள். அந்த வாளியில் ஒரு டின் பீன்ஸ் இருந்ததைச் சொல்லும்போதெல்லாம், நம் மலையில் வைத்திருந்தால் குரங்கு என்ன செய்திருக்கும் என்று கேட்டுச் சிரிப்பார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பெட்டிகளை உலகமே தேடிவருகிறது. நம்முடையதற்கு நான் ஒரு ஆள்.

ஆம், நான் ஒரு ஆள். இதைச் சொல்லாமல் விடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. நீங்கள் மகளிடம் போனது நியாயம். பேரப்பிள்ளை, முழங்கால், எல்லாம் நியாயம். பெட்டியை என் பொறுப்பில் தத்துக்கொடுக்கிறேன் என்று கேட்டபோது நான்தான் சரி என்றேன். ஆனால் பெர்த்திலிருந்து "இன்னொன்று வைத்துவிடு" என்று சொல்வது எளிது, டீச்சர். ஏறுவது நான். இல்லாத பெட்டியைப் பார்த்துவிட்டு இறங்குவதும் நான். போன முறை கீழே வந்து பசியாறக்கூட மனமில்லாமல் வீட்டுக்குப் போனேன். அதையெல்லாம் எழுதினால் நீங்கள் வருந்துவீர்கள் என்று எழுதவில்லை. எழுதாததால் நீங்கள் எளிது என்று நினைத்தீர்கள்.

மன்னித்துவிடுங்கள். கோபத்தில் எழுதிய வரிகளை அழிக்கப் போவதில்லை, அதற்கும் சேர்த்து மன்னித்துவிடுங்கள். எனக்கு வரைபடம் பார்க்கவும், காட்டில் திசை தெரிந்து நடக்கவும், எடுத்த இடத்தில் எடுத்தபடியே திரும்ப வைக்கவும் கற்றுக்கொடுத்தவர் நீங்கள். எழுத்துக் கற்றுக்கொடுத்ததையும்விட அதற்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன்.

மூடுவதற்கு முன் மேலே போய்க் கடைசிப் பெட்டியை எடுத்துவந்துவிட்டேன். கல்லையும் புரட்டி, இடுக்கில் எதுவும் மிச்சம் இல்லை என்று பார்த்துவிட்டேன். பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையே 161 மீட்டராவது இருக்க வேண்டும் என்பது விதி; இனி நம் பெட்டி இருந்த அந்தச் சுற்றுவட்டத்துக்குள் யார் வேண்டுமானாலும் புதிதாக வைக்கலாம். வைக்கிறவர் எனக்கு ஒரு வரி எழுதினால், எங்கே தண்ணீர் ஏறும், எங்கே குரங்கு வரும், தைப்பூசத்துக்கு எப்போது இறக்க வேண்டும் என்று எல்லாம் சொல்லித்தருகிறேன். பிள்ளைகள் எட்டி எடுக்கும் உயரத்தில் வையுங்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

2017இல் உலர்த்திய தாள்கள் என்னிடம் இருக்கின்றன. பெர்த்துக்கு அனுப்பவா, நீங்கள் வரும்வரை இங்கே வைத்திருக்கவா? அந்தப் பையனின் தாளை மட்டும் நான் எடுத்துக்கொள்ள ஆசைப்படுகிறேன், உங்களுக்கு மறுப்பு இல்லையென்றால். பதில் போடுங்கள். "இன்னொன்று வைத்துவிடு" என்று மட்டும் எழுதாதீர்கள்.

உங்கள் மாணவன்