கொட்டாங்கச்சி வயலின்

காசிமேடு,
ஞாயிறு மாலை

மச்சி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் தாமதமானதற்குக் காரணம் ஒரு தேங்காய். சிரிக்காமல் படி.

திருவொற்றியூர் மாசித் திருவிழாவில் காசு சேர்த்து ஒரு கொட்டாங்கச்சி வயலின் வாங்கினோமே, ஞாபகம் இருக்கிறதா? விற்றவர் அதில் சினிமாப் பாட்டையே பாட வைத்தார். வீட்டுக்கு வந்து நாம் இழுத்தால் சத்தமே வரவில்லை. “நல்லதை அவர் வச்சிக்கிட்டு டம்மியை நம்ம தலையில கட்டிட்டாரு” என்றாய். நாற்பது வருஷமாக நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

ரிடையர் ஆகிச் சும்மா இருக்கிறேனே, ஒன்றைச் செய்துதான் பார்ப்போம் என்று இறங்கினேன். தேங்காய் ஓட்டை ஆக்சா பிளேடால் அறுத்து, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்க ஒரு நாள். கழுத்துக்கு ஒட்டடைக் கம்பு மூங்கில் இரண்டடி.

தோல்தான் பாடாய்ப் படுத்தியது. டோலக் ரிப்பேர் செய்கிறவர் ஒருவர் வெட்டியதில் மிஞ்சிய ஆட்டுத்தோல் கொடுத்தார். கஞ்சிராவுக்கு முன்பெல்லாம் உடும்புத் தோல் போடுவார்கள், இப்போது அதைத் தொட்டாலே கேஸ் என்று சொல்லி அனுப்பினார். ஊறவைத்து இழுத்துக் கட்டி, அவசரத்தில் மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். மதியத்துக்குள் தோல் சுருங்கி ஓட்டை விட்டுக் கழன்று வந்துவிட்டது. இரண்டாவது தடவை, பறைக்கு ஒட்டுவதுபோல் புளியங்கொட்டைப் பசை காய்ச்சி ஒட்டி, மேலே கயிறு சுற்றி, நிழலில் இரண்டு நாள் விட்டேன். அந்த இரண்டு நாளும் வீட்டில் அடித்த வாடைக்கு உன் தங்கச்சி என்னோடு பேசவில்லை. (அவள் உன்னிடம் புகார் சொல்லியிருப்பாள்.)

கம்பி வாங்கத் தங்கசாலைப் பக்கம் போயிருந்தேன். கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு ராஜஸ்தான்காரர் ஒருவர், “எங்க ஊர் ராவணஹத்தா” என்றார். அங்கேயும் இதே தேங்காய் ஓடு, ஆட்டுத்தோல், மூங்கில்தானாம். போபா என்கிற நாட்டுப்புறப் பாடகர்கள் அதை வாசித்துக்கொண்டே, அங்கே தெய்வமாகக் கும்பிடும் பாபுஜியின் கதையை ராத்திரி முழுக்கப் பாடுவார்களாம்.

கம்பியை முறுக்கும் பிரடை, கம்பியைத் தாங்கும் குதிரை எல்லாம் வைத்து முறுக்கியாயிற்று. வில்லுக்கு முதலில் தங்கூஸ் (நைலான் நரம்பு) கட்டினேன், வழுக்கியது. மெரினாவில் குதிரைக்காரரிடம் கெஞ்சி வால்முடி வாங்கி வந்து கட்டினேன். அப்போதும் சத்தம் இல்லை! அதே பழைய ஊமை.

இதற்கு விடை கிடைத்தது என் பையனின் செல்போன் ரிப்பேர் மேஜையில். அவன் ஈயம் வைத்துப் பற்றவைக்கும்போது எழுந்த புகை வாசனை எங்கேயோ பழகியதாக இருந்தது. பக்கத்தில் பனங்கற்கண்டு நிறத்தில் ஒரு கட்டி. ரோசின், பைன் மரத்துப் பிசின். திருவிழாக்காரர் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் வில்லை ஒரு கட்டியில் தேய்ப்பாரே, நாம் வெல்லம் என்று நினைத்து எச்சில் ஊறினோமே, அதுதான் இது. பிசின் ஏறிய முடி கம்பியைப் பற்றி இழுக்கும், விடும், மறுபடி பற்றும், நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை. பிசின் இல்லாவிட்டால் வழுக்கிக்கொண்டு போய்விடும், அவ்வளவுதான். தேய்த்து ஓர் இழுப்பு இழுத்தேன். கத்தியது மச்சி! கம்பியைச் சரிபாதியில் அழுத்தினால் மேல் ஸட்ஜமம் சுத்தமாக நிற்கிறது.

ஆக, அவர் நமக்குக் கொடுத்தது டம்மி இல்லை. கட்டியையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம், அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

சாயங்காலக் கடற்காற்றில் தோல் தொய்ந்து சுருதி இறங்கிவிடுகிறது. பறைக்காரர்கள் போல நானும் அடுப்பில் காட்டித்தான் வாசிக்கிறேன். ஒரு பல்லவி வரை வந்திருக்கிறேன். சரணத்தில் இன்னும் பூனைதான்.

சரி, உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பொங்கலுக்கு வரும்போது உன் வீட்டுப் பரணில் தேடிப் பார். நாலணா அதிகம் போட்டேன் என்று சண்டை போட்டு நீதானே அந்த வயலினை எடுத்துப் போனாய்? இருந்தால் கொண்டு வா. கட்டி என்னிடம் இருக்கிறது.

உன் பழைய கூட்டாளி