நிறுத்துவதற்கு முன் கேட்க வேண்டும்

தாராபுரம்

அன்புள்ள கார்த்தி,

உங்கள் கம்பெனி செய்துகொண்டிருக்கும் மென்பொருளைப் பற்றி நீ அனுப்பிய குறிப்பைப் படித்தேன். உதவித்தொகை வாங்குகிறவர்களில் தகுதி இல்லாதவர்களை அதுவே கண்டுபிடிக்கும், அடுத்த மாதம் முதல் பணத்தையும் அதுவே நிறுத்திவிடும் என்று பெருமையாக எழுதியிருந்தாய். போனில் பேசும்போது, "கவர்மென்ட் சும்மா கொடுக்கிற காசும்மா, கொடுக்கிறவங்க நிறுத்தினா யார் என்ன கேக்க முடியும்?" என்றாய். அந்த நேரம் பார்த்து வாசலில் ஆள் வந்துவிட்டது. அதுதான் இப்போது ஆற அமர எழுதுகிறேன்.

யார் பெயரையும் நீக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை கண்ணு. சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் தனி வட்டாட்சியராக உட்கார்ந்திருந்தவள் அப்படிச் சொன்னால் ஊர் சிரிக்கும். மாடி வீடும், சம்பாதிக்கிற மகன்களும், தோட்டமும் வைத்துக்கொண்டு ஓஏபி, அதாவது முதியோர் உதவித்தொகை வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பெயரை அடித்ததும் இதே கைதான். எப்படி அடிப்பது என்பதுதான் என் பேச்சு.

முதலில் என் பென்ஷன். டிசம்பர் 17 அன்று எங்கள் சங்கத்தில் ஓய்வூதியர் தினம் நடக்கும், வடை காபிக் கூட்டம் என்று நீ கேலி பேசுவாயே, அது நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாள். ஆண்டு 1982. அதற்கு மூன்று வருடம் முன்பு மத்திய அரசு ஓய்வூதியக் கணக்கைத் தாராளமாக்கியது. ஆனால் 1979 மார்ச் 31 அன்றோ அதற்குப் பிறகோ ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும் என்று கோடு போட்டது. ஒரு நாள் முந்தி ஓய்வு பெற்றவருக்குப் பழைய கணக்குதான். ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தக் கோட்டை அழித்தது. பென்ஷன் என்பது அரசு மனமிரங்கிப் போடுவதல்ல, ஒரே நிலையில் இருக்கிறவர்களை ஒரு தேதியை வைத்துப் பிரிக்க வேண்டுமென்றால் அதற்கு நியாயமான காரணம் வேண்டும், இல்லாவிட்டால் எல்லோரும் சமம் என்கிற அரசியலமைப்பின் 14ஆம் பிரிவு குறுக்கே நிற்கும் என்றது. அரசு கொடுக்கிறது என்பதாலேயே இஷ்டப்படி நிறுத்திவிட முடியாது.

அது நீங்கள் உழைத்து வாங்குவது, ஓஏபி அப்படியா என்பாய். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் இதைத்தான் ஒரு வழக்கில் பிரித்து மேய்ந்தார்கள். கோல்ட்பெர்க் எதிர் கெல்லி, 1970 மார்ச். நியூயார்க் நகரத்தில் உதவித்தொகை நிறுத்தப்பட்ட ஏழைகள் போட்ட வழக்கு. நகரம் ஒன்றும் சொல்லாமல் நிறுத்தவில்லை. ஏழு நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுத்தது, எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் மேலதிகாரி பார்ப்பார் என்றும் சொன்னது. நேரில் வந்து பேசும் விசாரணை மட்டும், பணம் நின்ற பிறகு.

அது போதாது என்றார் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பை எழுதிய நீதிபதி பிரென்னன். அந்தப் பணம் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் உள்ளது. தவறாக நிறுத்தப்பட்டவன் வயிற்றைப் பார்ப்பானா, வழக்கைப் பார்ப்பானா? அதனால் விசாரணை முதலில், நிறுத்துவது பிறகு. எழுத்தில் கொடு என்பதும் ஒத்துவராது, எழுதத் தெரியாதவர்களும் இருக்கிறார்கள், ஆள் வாயால் சொல்ல வழி வேண்டும் என்றார். இந்த இடத்தில்தான் எனக்கு உன் குறிப்பில் இருந்த 'ஆட்சேபணையைப் பதிவேற்றவும்' என்ற பெட்டி ஞாபகம் வந்தது. ஓடிபி வருகிற போன் திருப்பூரில் மகன் சட்டைப் பையில் இருக்கும். கிழவி எதைப் பதிவேற்றுவாள்?

எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன். அதே வழக்கில் நீதிபதி பிளாக் மாறுபட்டு எழுதினார். நீக்குவதை இவ்வளவு கஷ்டமாக்கினால், அரசு சேர்ப்பதையே தள்ளிப்போடும், தகுதியானவன் வெளியே காத்துக் கிடப்பான் என்றார். இதை நான் லேசாகத் தள்ள மாட்டேன். நிதி ஒதுக்கீடு இவ்வளவுதான் என்று ஆனபின், ஒரு ஆள் வெளியே போனால்தான் அடுத்த மனு உள்ளே வரும் என்ற நிலை அலுவலகத்தில் நடப்பதுதான். ஆனாலும் பிளாக் சொன்ன பயத்துக்கு மருந்து விசாரணையைச் சீக்கிரம் முடிப்பது. விசாரணையே வேண்டாம் என்பது மருந்தல்ல.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு, அது உனக்குச் சாதகமானது. அந்தத் தீர்ப்பு வந்து இரண்டே வாரத்தில், டேண்ட்ரிட்ஜ் வழக்கு. குழந்தைகள் எத்தனை இருந்தாலும் ஒரு குடும்பத்துக்கு மாதம் 250 டாலருக்கு மேல் கிடையாது என்று மேரிலாந்து மாநிலம் உச்சவரம்பு வைத்திருந்தது. அதே நீதிமன்றம் அது செல்லும் என்றது. எவ்வளவு கொடுப்பது என்பது சட்டமன்றத்தின் வேலை, நீதிபதிகள் பட்ஜெட் போட முடியாது. ஆக எப்படி நிறுத்துவது என்பதில் கறாராக இருந்த கோர்ட், எவ்வளவு என்பதில் கையை எடுத்துக்கொண்டது. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அரசியலமைப்பை முன்வைத்துப் பேசுகிறவர்களின் மனம் புரியும். அவர்களுக்கு முதல் கவலை ஏழ்மை அல்ல, அதிகாரம். ஒரு அதிகாரியின் பேனா முனையில் ஒருத்தியின் சோறு இருந்தால், அவள் அவருக்குப் பயந்துதான் வாழ்வாள். நலத்திட்டங்களைச் சந்தேகத்தோடு பார்த்த பொருளாதார அறிஞர் ஹயக் கூட, ஓர் அடிப்படை உதவியை ஏற்றுக்கொண்டார். விதி எல்லோருக்கும் பொதுவாக, முன்கூட்டியே தெரிந்ததாக இருக்க வேண்டும், அதிகாரியின் விருப்பத்துக்கு விடக்கூடாது என்பதுதான் அவர் பிடிவாதம்.

உதவி கொடுக்க வைக்கும் நிபந்தனையும் அப்படித்தான். 1963இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், சனிக்கிழமை ஓய்வு நாள் என்று நம்பும் சபையைச் சேர்ந்த ஒரு மில் தொழிலாளிப் பெண் அன்று வேலைக்கு வர மறுத்தாள். வேலை போயிற்று, வேலையில்லாதோர் உதவித்தொகையையும் மறுத்தார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவள் பக்கம் நின்றது. காசைக் காட்டி ஒருத்தியிடமிருந்து அவள் உரிமையை அரசு விலைக்கு வாங்கக் கூடாது என்பதுதான் விஷயம். நம் ஊரில் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார். எந்தக் கட்சிக் கூட்டத்துக்குப் போனாய், கிராம சபையில் என்ன பேசினாய் என்று பார்த்துப் பட்டியல் போட ஆரம்பித்தால் என்ன ஆகும்?

ஜெர்மனிக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அங்கே வேலை தேடும் கடமையில் தவறினால் உதவித்தொகையில் முதல் முறை 30 சதவீதம், அடுத்து 60, பிறகு முழுவதும் என்று மூன்று மாதத்துக்கு வெட்டும் சட்டம் இருந்தது. 2019 நவம்பர் 5 அன்று அவர்களுடைய அரசியலமைப்பு நீதிமன்றம், 30 வரை சரி, அதிலும் கஷ்டத்தைப் பார்த்து விதிவிலக்குக் கொடுக்க வேண்டும், 60ம் முழு வெட்டும் ஆகாது என்றது. மனித மாண்பு அவர்கள் சாசனத்தின் முதல் பிரிவு. ஒழுங்காக நடக்காதவனுக்கும் மாண்பு உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். கீழே ஒரு தளம் போட்டுவிட்டார்கள். எனக்குப் பிடித்தது இதுதான், ஒளிக்காமல் சொல்கிறேன்.

நாம் அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் நடுவில் இருக்கிறோம். முதுமை, நோய், வேலையின்மை என்று வந்தால் அரசு உதவ வேண்டும் என்று நம் அரசியலமைப்பின் 41ஆம் பிரிவு சொல்கிறது, 'பொருளாதார ஆற்றலின் வரம்புக்குள்' என்ற வாலோடு. கோர்ட்டுக்குப் போய் இதை வாங்க முடியாது என்கிறது 37ஆம் பிரிவு. வங்கி தனக்கு வசதிப்பட்டபோது பணம் தரும் காசோலை இது என்று அரசியல் நிர்ணய சபையில் கே.டி. ஷா குத்திக் காட்டினார். அம்பேத்கரோ, கோர்ட்டில் பதில் சொல்லாதவன் தேர்தலில் வாக்காளரிடம் பதில் சொல்லியாக வேண்டும் என்றார். இரண்டு பேரும் சொன்னது பலித்துவிட்டது என்பேன்.

கொடுக்கச் சொல்லிக் கேட்க முடியாவிட்டாலும், கொடுத்ததைக் கண்டபடி பறித்தால் கேட்கலாம். தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளராக இருந்த ராயப்பா போட்ட வழக்கில், 1974இல், தான்தோன்றித்தனமும் சமத்துவமும் ஜென்ம விரோதிகள் என்று வந்தது. வழக்கில் அவர் தோற்றார், அந்த வாசகம் நின்றது. 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் பிழைப்பும் உயிர் வாழும் உரிமையைச் சொல்லும் 21ஆம் பிரிவுக்குள் வரும் என்றார்கள், நோட்டீஸ் கொடுத்துக் கேட்பதுதான் முறை என்றார்கள். காலி செய்யவும் அனுமதித்தார்கள், அது வேறு கதை. 2018 ஆதார் தீர்ப்பில் மானியத்துக்கு ஆதார் கேட்கலாம் என்று பெரும்பான்மை சொன்னது. மாறுபட்ட நீதிபதி சந்திரசூட், மனிதனின் மாண்பைக் கணினிக் கணக்கின் சாத்தியக்கூறில் தொங்கவிடக் கூடாது என்று எழுதினார். உன் மேசையில் ஒட்டி வை.

இனி உன் மென்பொருள். பக்கத்து வட்டத்தில் ஒரே ஊரில் இரண்டு பழனியம்மாள் இருந்தார்கள். ஒருத்தி செத்தாள், பட்டியலில் மற்றவள் பெயர் அடிபட்டது. வங்கி முகவர் கைரேகை மெஷினோடு வந்தபோது, "உனக்கு வரலை ஆத்தா" என்றார். ரேகை தேய்ந்துவிட்டது போல என்று நினைத்து, அவள் விரலைக் கல்லில் தேய்த்துக் கழுவிக்கொண்டு அடுத்த மாதமும் போயிருக்கிறாள். அதற்கடுத்த மாதமும். வருவாய்த் துறை வருடா வருடம் மனு வாங்கும் ஜமாபந்தியில்தான் விஷயம் வெளிவந்தது, "நான் செத்துட்டனாம் சாமி" என்று சிரித்துக்கொண்டே சொன்னாளாம். உயிரோடு இருக்கிறேன் என்று காட்டும் வருடாந்திர நேர்காணலுக்கு நான் போகாமல் விட்டால் என் பென்ஷனும்தான் நிற்கும். ஆனால் எனக்குக் கருவூலம் எங்கே இருக்கிறது, யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரியும். அவளுக்குத் தன் பணம் நிறுத்தப்பட்டது என்பதே தெரியாது.

உன் மென்பொருள் சந்தேகப்படட்டும். நிறுத்துவதை மனிதன் செய்யட்டும். சந்தேகம் வந்தால் முதலில் கிராம நிர்வாக அலுவலர் நேரில் போய்ப் பார்க்கட்டும். காரணம் எழுதிய நோட்டீஸ் கையில் போகட்டும், 30 நாள் இருக்கட்டும், அதுவரை பணம் வரட்டும். மகளிர் உரிமைத் தொகையில் மனு தள்ளுபடியானவர்கள் 30 நாளுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று வைத்தார்களே, சேர்க்கும்போதே அது முடிந்ததென்றால் நீக்கும்போது ஏன் முடியாது? செலவு கூடும் என்று உன் மேலாளர் சொல்வார். கூடும்தான். செத்தவர் பேரில் சில மாதம் பணம் போகும். அதையும் இதையும் தட்டில் வைத்து எது கனம் என்று அவரையே சொல்லச் சொல்.

அந்த நோட்டீஸைத் தமிழில் எழுதி எனக்கு அனுப்பு. 'தங்களது பயனாளி நிலை முடக்கப்பட்டுள்ளது' என்றெல்லாம் எழுதாதே. எதற்காக, எந்தத் தேதிக்குள், எந்த அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் இருக்கட்டும். எதிர்வீட்டு ஆத்தாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன். அவருக்கு என்ன புரிந்தது என்பதை அப்படியே எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா