ஆமென் சொன்ன பிறகும் வருகிற கவலை

அன்பு மகளுக்கு,

இயேசுவின் இனிய நாமத்தில் வாழ்த்துக்கள்.

"எவ்வளவு ஜெபித்தும் படபடப்பு போகவில்லையே, எனக்கு விசுவாசமே இல்லையோ" என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும், அதனால் எழுதுகிறேன்.

விசுவாசத்தைப் பற்றிய சந்தேகத்தை முதலில் ஓரமாக வை. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் நம் ஆண்டவர் "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று சீஷர்களிடம் வாய்விட்டுச் சொன்னார். கூட விழித்திருங்கள் என்று கேட்டார். அதே வார்த்தைகளைச் சொல்லி மூன்றுதரம் ஜெபித்தார். அவருக்கே ஒரு ஜெபத்தோடு முடியவில்லை. உனக்கு மட்டும் ஒரே ராத்திரியில் முடிய வேண்டும் என்று யார் சொன்னது?

உனக்கு இடறுகிற இடம் வேறு. முழங்காலில் நின்று அரை மணி நேரம் நீ செய்வதில் பாதிக்கு மேல் ஜெபமே இல்லை, பாப்பா; கண்ணை மூடிக்கொண்டு கவலைப்படுவதுதான். வேலை போய்விடுமோ, போனால் வாடகைக்கு என்ன செய்ய, வீட்டில் எப்படிச் சொல்ல என்று ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்துவிட்டு, நடுநடுவே "ஆண்டவரே" என்று சேர்த்துக்கொள்கிறாய். 13-ம் சங்கீதத்தில் தாவீது இதை அப்படியே சொல்லியிருக்கிறார்: "எதுவரைக்கும் என் ஆத்துமாவிலே ஆலோசனை பண்ணிக்கொண்டிருப்பேன்?" தனக்குள்ளேயே நடத்துகிற ஆலோசனைக் கூட்டம். அதில் ஆண்டவருக்கு நாற்காலியே போடுவதில்லை.

அந்தச் சங்கீதம் ஆறே வசனம். முதல் இரண்டில் நாலு தடவை "எதுவரைக்கும்" வருகிறது. அடுத்த இரண்டும் விண்ணப்பம். நம்பிக்கையும் பாட்டும் ஐந்தாம் வசனத்தில்தான் தொடங்குகின்றன. நீ பயத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு ஸ்தோத்திரத்தை முதலில் பூசிவிடுகிறாய். சுவரில் ஓதம் இருக்கும்போது மேலே சுண்ணாம்பு அடித்தால் என்ன ஆகும் என்று நம் வீட்டுச் சமையலறையில் பார்த்திருக்கிறாயே.

ஒரு நோட்டு எடுத்துக்கொள். சாயங்காலம் ஏழு, ஏழரைக்கு, படுக்கையில் அல்ல, மேஜையில் உட்கார். பதினைந்து நிமிடம் போதும். போனில் அலாரம் வை. பயத்தை ஒரு வரியில், யார், என்ன, எப்போது என்று தெரிகிற மாதிரி எழுது. "ஆபீஸை நினைத்தாலே பயம்" என்பது புகை மாதிரி, பிடிக்க முடியாது. "வியாழக்கிழமை மீட்டிங்கில் போன மாதக் கணக்கில் விட்ட பிழையை மேனேஜர் எல்லார் முன்னாலும் கேட்பார்" என்பது கையில் பிடித்துக் கொடுக்கக் கூடியது. "உங்கள் விண்ணப்பங்களைத் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள்" என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதினபோது அவரே காவலில் கட்டுண்டு கிடந்தார். என்ன தீர்ப்பு வரும் என்று அவருக்கும் தெரியாது.

பயத்துக்குக் கீழே ஒரு வரி விண்ணப்பம். அதற்குக் கீழே உன் கையில் இருக்கிற ஒரே ஒரு வேலை: நாளை பதினொரு மணிக்குள் பிழையைத் திருத்தி நீயே மெயில் அனுப்புவது. உன் கையில் ஒன்றுமே இல்லாத காரியமானால் "என் கையில் இல்லை" என்று எழுதிவிடு. கடைசியில் ஸ்தோத்திரம், அன்றைக்கு நடந்த மூன்று காரியங்களுக்கு மட்டும். "ஜீவன் தந்தீர், சுகம் தந்தீர்" என்று மனப்பாடமாக வருவது வேண்டாம். பஸ்ஸில் சீட் கிடைத்தது, குழாயில் தண்ணீர் நிற்காமல் வந்தது என்கிற அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும். வாய்விட்டு ஆமென் சொல்லி நோட்டை மூடு.

ராத்திரி இரண்டு மணிக்கு அதே பயம் திரும்ப வரும். வந்தால் ஜெபம் கேட்கப்படவில்லை என்று அர்த்தமில்லை. பழகின மனம் பழைய வழியில் நடக்கிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் புது ஜெபம் ஆரம்பிக்காதே. "உம்மிடம் கொடுத்தாயிற்று ஆண்டவரே, ஏழு மணிக்குப் பேசலாம்" என்று ஒரு வரி சொல்லு. "உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்" என்கிறாரே பேதுரு, அந்த 'வைத்துவிடுங்கள்' கிரேக்கத்தில் எறிந்துவிடுகிற சொல். எருசலேமுக்குப் போகும்போது சீஷர்கள் கழுதைக்குட்டியின்மேல் வஸ்திரங்களைப் போட்டதற்குச் சுவிசேஷம் எழுதின லூக்காவும் அதே சொல்லைத்தான் எழுதியிருக்கிறார். இருபது நிமிடத்துக்கு மேல் தூக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் வேறிடத்தில் உட்கார்ந்து, அச்சுப் புத்தகத்தில் ஒரு சங்கீதம் வாசி. போனில் வேதம் வாசிக்கப் போனால் மெயிலும் கூடவே எட்டிப்பார்க்கும்.

இனி அந்தத் திடீர்ப் படபடப்பு. மூச்சு முட்டுகிறது என்று நீ வேகமாக இழுத்து இழுத்து விடுகிறாய். அப்படிச் செய்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் நுனியும் உதடும் மரத்துப்போகும், தலை சுற்றும்; அதைப் பார்த்து இன்னும் பயம் ஏறும். உட்கார்ந்து பாதங்களைத் தரையில் பதி. முதலில் மூச்சை வெளியே விடு. நாலு எண்ணும் நேரம் இழு, ஆறு எண்ணும் நேரம் விடு. எண்ணுவதற்குப் பதிலாக 56-ம் சங்கீதத்தின் மூன்றாம் வசனத்தை வைத்துக்கொள்: இழுக்கும்போது "நான் பயப்படுகிற நாளில்", விடும்போது "உம்மை நம்புவேன்". இரண்டாவது சிறியது, அதனால் நீட்டி மெதுவாகச் சொல்ல வேண்டும். பயப்படாத நாளில் என்றில்லை, பயப்படுகிற நாளில் என்றே இருக்கிறது, கவனித்தாயா? பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்விட்டு இறங்கத் தொடங்கும். அதற்குள் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடாதே. ஓடினால் பஸ்தான் ஆபத்து என்று மனம் படித்துக்கொள்ளும். ஒன்று மட்டும்: நெஞ்சு வலித்தால் இதுவும் படபடப்புதான் என்று நீயே முடிவுகட்டாதே, ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடு.

வெள்ளிக்கிழமை உபவாசத்தைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்து. ஆயர் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். வெறும் வயிற்றில் இரண்டு காபி குடித்துவிட்டு மூன்று மணிவரை இருந்தால் கை நடுங்கும், நெஞ்சு அடிக்கும். பயத்துக்கும் அதே அறிகுறிகள்தான். உபவாசம் இருந்தே ஆக வேண்டும் என்றால் போன் பார்க்காமல் இரு. முழு இரவு ஜெபமும் இப்போது வேண்டாம். தூக்கம் கெட்டால் மறுநாள் பயம் இரட்டிப்பாக வரும்.

காலையில் கண் விழித்ததும் வாட்ஸ்அப்பில் வருகிற வாக்குத்தத்த வசனங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, இது எனக்கா, இது எனக்கா என்று தேடுவதையும் விடு. அது சாந்தி தருவது பத்து நிமிடம்; பிறகு அடுத்த வசனம் வேண்டியிருக்கும். சரியாகச் சொல்லவில்லையோ என்று ஒரே ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லு. அதற்குத் தனியாக வைத்தியம் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு வசனம் போதும்; உன் கையெழுத்தில் எழுதி, முழு அதிகாரத்தோடு சேர்த்து வாசி.

ஜெபக்குறிப்பைச் சபைக் குரூப்பில் போடாதே. நம்பிக்கையான ஒரே ஒரு அக்காவிடம், "வியாழன் பத்து மணிக்கு ஜெபித்துக்கொள்ளுங்கள், பன்னிரண்டு மணிக்குக் கூப்பிடுகிறேன்" என்று நேரம் சொல்லிக் கேள். பாவம் இருக்கும், பிசாசு இருக்கும் என்று யாராவது ஆரம்பித்தால் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடு.

இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் சாப்பாடும் வேலையும் கெட்டிருக்கிறது என்றாயே, அப்படியானால் டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும். தைராய்டும் ஹீமோகுளோபினும் முதலில் பார்க்கச் சொல்லு. இரண்டில் எதில் கோளாறு இருந்தாலும் படபடப்பு வரும். கவலைக்கு மாத்திரை கொடுத்தால் அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். முதல் சில நாள் குமட்டலோ படபடப்போ கூடலாம். யாராவது கைவைத்து ஜெபித்தார்கள் என்று நடுவில் நிறுத்திவிடாதே; குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் சொல்லி, படிப்படியாக. மாத்திரை அவிசுவாசம் என்றால் வேலூர் சி.எம்.சி. மிஷன் ஆஸ்பத்திரி மனநலத்துக்கென்று தனி மையம் நடத்துமா? லூக்காவே "பிரியமான வைத்தியன்"தானே.

சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஏழு மணி, நோட்டு ஒன்றும் பார்க்காதே. எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடு. 14416-க்கும் போடு, அரசாங்கத்தின் இலவச எண், தமிழில் பேசுவார்கள். எலியா தீர்க்கதரிசியும் சூரைச்செடியின்கீழ் "போதும் கர்த்தாவே" என்று சொன்னவர்தான். தூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, சாப்பிடு என்றான். சாப்பிட்டுத் தூங்கினார், மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். தேவனைச் சந்திக்க ஓரேப் மலைக்கு நடந்ததெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பார்சலில் முறுக்கும் பருப்புப்பொடியும் இருக்கிறது. டப்பாவுக்கு அடியில் கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். எண்ணெய் பட்டிருந்தால் முதல் பக்கத்தைக் கிழித்துவிடு. வியாழக்கிழமை மீட்டிங் முடிந்ததும் கூப்பிடு.

ஜெபத்துடன்,
அம்மா