தரவரிசைக்கு முன்னால் டயரைச் சொல்லுங்கள்

கார் இதழ்களின் ஆசிரியர்களுக்கும், சோதனைக் கார்களை ஓட்டி எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

ஐந்தாறு கார்களை வரிசையாக நிறுத்தி, ஹேண்ட்லிங்கில், அதாவது வளைவுகளில் கார் ஓட்டுபவர் சொல்படி நடந்துகொள்ளும் விதத்தில், எது முதலிடம், எது கடைசி என்று நீங்கள் வெளியிடும் ஒப்பீடுகளை ஒரு வரி விடாமல் படிக்கிறவர்களில் நானும் ஒருவன். கார்ப் பிரியர்கள் நாலு பேர் கூடினால் உங்கள் பட்டியல்தான் முதலில் பேச்சுக்கு வரும். ஆனால் இப்போதெல்லாம் "எது ஜெயித்தது?" என்று யாரும் ஆரம்பிப்பதில்லை. "எந்த டயரில் ஓட்டினார்களாம்?" என்றுதான் கேட்கிறார்கள். அதற்குப் பெரும்பாலும் உங்கள் கட்டுரையில் பதில் இருப்பதில்லை. அதனால்தான் இந்த மடல்.

ஸ்கிட்பேட் சோதனையையே எடுத்துக்கொள்வோம். சமதளத்தில் வட்டம் போட்டு, டயர் பிடியை விடும் எல்லை வரைக்கும் வேகத்தைக் கூட்டி, பக்கவாட்டு முடுக்கத்தை 'ஜி' கணக்கில், அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தில் எத்தனை பங்கு என்று, எழுதுகிறீர்கள். ஒரு காருக்கு 0.94, இன்னொன்றுக்கு 0.92 என்று வைத்துக்கொள்வோம். முதலாவது மேலே, இரண்டாவது கீழே. அந்த 0.02 எங்கிருந்து வந்தது? சாதாரண டயரைக் கழற்றிவிட்டு நல்ல ஸ்போர்ட்ஸ் டயரை மாட்டினால், அதே கார் இதைவிடப் பெரிய தாண்டலே தாண்டும். வெப்பநிலை ஐந்தாறு டிகிரி செல்சியஸ் மாறினாலே டயரின் காற்றழுத்தம் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ மாறிவிடும். காலையில் குளிர்ந்த தரையில் ஒரு காரும், நண்பகலில் சூடேறிய தரையில் இன்னொரு காரும் ஓடியிருந்தால் இடங்களே மாறிப்போகலாம். வட்டத்தின் அளவுகூட இதழுக்கு இதழ் வேறு: 200 அடி விட்டத்தில் அளப்பவர்களும் உண்டு, 300 அடியில் அளப்பவர்களும் உண்டு. இத்தனையையும் சொல்லாமல் எண்ணை மட்டும் போட்டு வரிசைப்படுத்துவது, ஓடியவர்கள் போட்டிருந்த ஷூவைப் பார்க்காமல் அவர்கள் காலுக்கு மார்க் போடுவது போலத்தான்.

இப்படி ஓர் ஒப்பீட்டைச் சில காலம் முன்பு படித்தேன். இதழின் பெயர் வேண்டாம். முதலிடம் பிடித்த காரின் விலையாக அடிப்படை மாடலின் விலையைப் போட்டிருந்தார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் டயரின் பக்கச்சுவரில் 225/40 ஆர்18, அதாவது 18 அங்குலச் சக்கரத்துக்கான டயர், என்று தெளிவாகத் தெரிகிறது. அந்த விலைக்கு வரும் காரில் 16 அங்குலச் சக்கரம்தான். உயர்ந்த மாடலை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கீழ் மாடலின் விலையைப் போட்டு முதலிடம் கொடுத்திருக்கிறார்கள். கட்டுரையில் டயரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதை நம்பிப் பணம் கட்டியவர் வீட்டுக்கு ஓட்டி வருவது வேறு கார். எனக்குக் கோபம் வந்தது அந்த வாசகரை நினைத்துத்தான்.

சரி, டயர், தரை, வெப்பம் எல்லாம் சமமாகவே இருந்தாலும், அந்த எண் ஹேண்ட்லிங்கைச் சொல்லிவிடுமா? 2012-இல் டொயோட்டா 86 ஸ்போர்ட்ஸ் காரும் அதன் இரட்டையான சுபாரு பிஆர்இசட்டும் வந்தபோது பல நாடுகளில் அவற்றுக்குக் கொடுத்தது மிஷெலின் பிரைமசி டயர், 215 மில்லிமீட்டர் அகலம். எரிபொருள் சிக்கனத்துக்குப் பேர்போன பிரியஸ் ஹைப்ரிட்டிலும் வந்த ரகம் அது. பிடியை வேண்டுமென்றே குறைத்து, மிதமான வேகத்திலேயே காரின் அசைவு ஓட்டுபவருக்குத் தெரியும்படி செய்திருந்தார்கள். ஸ்கிட்பேட் எண்ணை மட்டும் பார்த்தால் அதை விஞ்ச எத்தனையோ கார்கள் இருந்தன. ஆனாலும் அதை ஓட்டி மகிழ்ந்து பக்கம் பக்கமாகப் பாராட்டியவர்கள் உங்களில்தான் அதிகம். அப்படியென்றால், எண் வேறு, ஹேண்ட்லிங் வேறு என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த அறிவு பட்டியலுக்குள் ஏன் வர மறுக்கிறது?

பொறியாளர்கள் இதை எப்போதோ பிரித்துவிட்டார்கள். நிலையான வட்ட ஓட்டத்துக்கு ஐஎஸ்ஓ 4138 என்று ஒரு தரநிலை. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் கார் எவ்வளவு சீக்கிரம், எந்த அளவுக்குப் பதில் கொடுக்கிறது என்பதற்கு ஐஎஸ்ஓ 7401 என்று இன்னொன்று. முதலாவதில் கார் ஏற்கெனவே சாய்ந்து நிலைகொண்டுவிட்டது. நாங்கள் ஓட்டும்போது முக்கியமாக இருப்பதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் நடப்பவை. வளைவுக்குள் ஸ்டீயரிங்கைத் திருப்பும் அந்த முதல் நொடியில் மூக்கு உடனே திரும்புகிறதா, கொஞ்சம் யோசிக்கிறதா? பாதி வளைவில் ஒரு மேடு வருகிறது. வெளிப்பக்கப் பின்சக்கரம் அதன்மேல் ஏறும்போது சஸ்பென்ஷன் அதை விழுங்குகிறதா, இல்லை காரை அரை அடி பக்கவாட்டில் தூக்கிப் போடுகிறதா? பயந்துபோய் ஆக்சிலரேட்டரில் இருந்து சட்டென்று காலை எடுத்தால் எடை முன்னால் போகும், பின்பக்கம் லேசாகும்; அப்போது வால் மெல்ல நகர்ந்து எச்சரிக்கிறதா, ஒரேயடியாகச் சுழற்றிவிடுகிறதா? முன்டயர் பிடியை இழக்கப் போவது கைக்கு முன்கூட்டியே தெரிகிறதா? இதற்கெல்லாம் பத்துக்கு 8.5 என்று மார்க் போட முடியாது. வாக்கியமாகத்தான் எழுத வேண்டும். நீங்கள் எழுதினால் நாங்கள் படிப்போம்.

அப்புறம் ஓட்டுநர். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ, வண்டி கவிழுமா என்று பார்க்கும் 'ஃபிஷ்ஹுக்' சோதனையில் ஸ்டீயரிங்கை மனிதக் கையில் விடுவதில்லை. நிரல்படி திருப்பும் இயந்திரத்தைப் பொருத்துகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி திருப்ப மனிதரால் முடியாது என்பதுதான் காரணம். உங்கள் ஸ்லாலமில் கோன்களுக்கு நடுவே திருப்புவது மனிதக் கை. அதில் தவறில்லை. ஆனால் யார் ஓட்டினார், எத்தனை முறை, அச்சிட்டது சிறந்த ஓட்டமா சராசரியா, ஓட்டத்துக்கு ஓட்டம் எவ்வளவு வேறுபட்டது என்பதைச் சொல்லுங்கள். ஒரே காரின் இரண்டு ஓட்டங்களுக்கு இடையிலான வித்தியாசம், இரண்டு கார்களுக்கு இடையிலான வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருந்தால், அவற்றுக்கு ஒரே இடம் கொடுப்பதுதான் நேர்மை.

கார் எங்கிருந்து வந்தது என்பதும் எங்களுக்கு முக்கியம். 1964-இல் கார் அண்ட் டிரைவர் இதழ் போன்டியாக் ஜிடிஓவை ஃபெராரி ஜிடிஓவோடு ஒப்பிட்டு எழுதியது வரலாறு. சோதனைக்கு வந்த போன்டியாக்கில் இருந்தது விற்பனைக்கு வந்த 389 கன அங்குல எஞ்சின் அல்ல, 421 என்று போன்டியாக்கின் விளம்பரப் பொறுப்பில் இருந்த ஜிம் வாங்கர்ஸ் பல ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டார். அது வேகச் சோதனைதான். கேம்பர், டோ போன்ற சக்கரக் கோணங்களை அனுமதித்த வரம்புக்குள்ளேயே கொஞ்சம் திருகினால் ஹேண்ட்லிங்கும் மாறும்; அதை வெளியிலிருந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அமெரிக்க நுகர்வோர் இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் தன் சோதனைக் கார்களைப் பெயர் சொல்லாமல் காசு கொடுத்தே வாங்குகிறது. எல்லோராலும் அது முடியாதுதான். நிறுவனம் அனுப்பிய கார் என்று ஒரு வரி எழுத முடியும். சோதனைக்கு முன்பு சக்கரக் கோணங்களை அளந்து வெளியிடவும் முடியும்.

சோதனையே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 1997 அக்டோபரில் ஸ்வீடனின் டெக்னிகென்ஸ் வார்ல்ட் இதழின் 'மூஸ்' சோதனையில் (திடீரென எதிரே வரும் தடையைச் சட்டென்று விலகிப் போகும் சோதனை) மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் கவிழ்ந்தது. நிறுவனம் விநியோகத்தை நிறுத்தி, சஸ்பென்ஷனைத் திருத்தி, எல்லா ஏ-கிளாஸிலும் சறுக்கலைக் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பான இஎஸ்பியைக் கட்டாயமாக வைத்தது. 2010-இல் டொயோட்டாவின் லெக்சஸ் ஜிஎக்ஸ் 460-ஐ வளைவில் ஆக்சிலரேட்டரை விட்டபோது வால் அளவுக்கு மீறிச் சறுக்குவதைக் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் கண்டு, வாங்காதீர்கள் என்றது. டொயோட்டா விற்பனையை நிறுத்தி மென்பொருளைத் திருத்தியது. இரண்டிலும் கார் என்ன செய்தது என்பதுதான் செய்தி. எத்தனையாவது இடம் என்பது அல்ல. உங்கள் தொழிலின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்த ஒப்பீட்டில் ஒரு காரியம் செய்யுங்கள். கார்களை முதலில் அவற்றுக்கு வந்த டயரிலேயே ஓட்டுங்கள். பிறகு சக்கர அளவு ஒத்துப்போகும் இரண்டு கார்களை எடுத்து, இரண்டுக்கும் ஒரே டயரை மாட்டி, அதே ஓட்டுநரை அதே நாளில் ஓட்டச் சொல்லுங்கள். இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். முதலிடம் கைமாறினாலும் சரி, மாறாவிட்டாலும் சரி, அந்த இதழை நான் காசு கொடுத்து வாங்குவேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்