கோப்புகளை வண்டியில் ஏற்றுமுன் ஆளைக் கேள்

அன்புள்ள மாப்ள,

இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் அப்படித்தானே? உங்கள் துறை இயக்குநரகத்தைச் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குக் கொண்டுவரும் குழுவில் நீயும் இருக்கிறாய் என்று அண்ணாச்சி சொன்னபோது சந்தோஷப்பட்டேன். நீ அனுப்பின இடமாற்றத் திட்ட வரைவைப் படித்ததும் கோபம் வந்துவிட்டது. பாதிக்கு மேல் கட்டடமும் வண்டி நிறுத்தும் இடமும்தானாலே? வேலை பார்க்கிறவனைப் பற்றி ஒரே ஒரு பத்தி!

அமெரிக்காவில் நில மேலாண்மைப் பணியகத்தின் தலைமை அலுவலகத்தை வாஷிங்டனிலிருந்து கொலராடோவிலுள்ள கிராண்ட் ஜங்ஷனுக்கு மாற்றப்போவதாக 2019இல் அறிவித்தார்கள். பணியகம் பார்க்கும் நிலம் பெரும்பாலும் மேற்கேதான், அதிகாரியும் அங்கேயே இருக்கட்டும் என்றார்கள். நியாயமான காரணம்தான். ஆனால் மேற்கே போகச் சொன்ன 328 பேரில் போனவர்கள் 41 பேர். மற்ற 287 பேரும் ஓய்வு பெற்றார்கள், இல்லையென்றால் வேறு வேலை தேடிக்கொண்டார்கள். கிராண்ட் ஜங்ஷனுக்கே போனது 3 பேர். 2021இல் தலைமையகம் மறுபடி வாஷிங்டனுக்கே என்று அறிவிக்க வேண்டியதாயிற்று.

நம்ம ஊரில் அரசு வேலையை எவன் விடுவான் என்பாய். விடமாட்டான். சென்னையிலேயே வேறு அலுவலகத்துக்கு மாறுதல் வாங்கிவிடுவான், கிடைக்காதவன் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுப்பான். அதுவும் முதலில் கழலுகிறவர், எந்த வழக்குக் கட்டில் எந்த உத்தரவு இருக்கிறது என்று பார்க்காமலே சொல்லக்கூடிய கண்காணிப்பாளராகத்தான் இருப்பார்.

அதனால் அரசாணை வருமுன்பே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக விருப்பத்தை எழுதி வாங்கு. வருவேன், ஒரு வருஷம் மட்டும் வருவேன், வரமாட்டேன் என்று மூன்றே பதில், கூடவே காரணம். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளை, சென்னையில் வேலை பார்க்கும் மனைவி அல்லது கணவர், வயசான பெற்றோர் என்று எல்லாம் அதில் வந்துவிடும். எந்தப் பிரிவில் எல்லோரும் வரமாட்டேன் என்கிறார்களோ அங்கேதான் ஆபத்து. அங்கே புது ஆளை ஆறு மாசம் முன்னாடியே பழைய ஆளோடு உட்கார வை. வந்த தாள், போன தாளைக் குறிக்கும் தன்பதிவேட்டை இரண்டு பேரும் சேர்ந்து எழுதட்டும்.

மாற்றத்தை மே மாசத்தில் வை. பரீட்சை முடிந்திருக்கும், ஐப்பசி மழைக்கும் நாள் இருக்கும்.

சம்பளத்தை மறந்துவிடாதே. சென்னையை விட்டாலே வீட்டு வாடகைப்படி குறையும், அதற்கு ஈடாக என்ன தருகிறீர்கள் என்று ஆணையிலேயே இருக்கட்டும். சென்னையில் சம்பளக் கணக்கு அலுவலகத்துக்குப் போன பட்டியல் இனி இங்கே கருவூலத்துக்கு வரும். டி.டி.ஓ. (சம்பளம் பெற்று வழங்கும் அலுவலர்) குறியீடு மாறி, எல்.பி.சி. (கடைசியாக வாங்கின சம்பளத்துக்கான சான்று) வந்து சேரத் தாமதமானால் முதல் மாசச் சம்பளமே நின்றுபோகும். வந்தவனும் திரும்பிப் போக அது ஒன்று போதும்.

கோட்டை, அதாவது தலைமைச் செயலகம், சென்னையிலேதான் இருக்கப்போகிறது என்பதையும் யோசி. தென் கொரியாவில் 2012 முதல் அமைச்சகங்களை செஜோங்குக்கு மாற்றினார்கள், நாடாளுமன்றம் சியோலிலேயே நின்றுவிட்டது. அதிகாரிகள் சுமார் 120 கி.மீ. போய்ப்போய் வருகிறார்கள். நமக்கு 600 கி.மீ.க்கு மேல். சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை நேரத்தில் இயக்குநர் நெல்லை எக்ஸ்பிரஸிலேயே குடியிருக்க வேண்டியதுதான். எந்தக் கோப்பு எந்த அதிகாரியோடு முடியும் என்ற அதிகாரப் பகிர்வு ஆணையை முதலில் வாங்குங்கள். சென்னையில் ஒரு சின்னப் பிரிவு இருந்தே ஆக வேண்டும், ஆனால் அதில் எத்தனை பேர் என்பதை ஆணையிலேயே கட்டிப் போடுங்கள். இல்லாவிட்டால் அது வீங்கி வீங்கி, நிஜமான இயக்குநரகம் மறுபடி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். எனக்குப் பெரிய பயமே இதுதான்.

இடம் பார்க்கும்போது 2023 டிசம்பரை நினைத்துக்கொள். தாமிரபரணி வெள்ளம் கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே வந்தது. பதிவறை மாடியில்தான் இருக்க வேண்டும். காலாவதியான கோப்புகளைச் சென்னையிலேயே கழித்துவிட்டு, மிச்சத்துக்குக் கட்டு எண் போட்டு மூன்று படியில் பட்டியல் எடுங்கள். அனுப்புகிறவரிடம் ஒன்று, வாங்குகிறவரிடம் ஒன்று, கட்டோடு ஒன்று.

விருப்பக் கணக்கைச் சேர்த்து வரைவைத் திருத்தி அனுப்பு. எல்.பி.சி. சங்கதியைக் கருவூலத்தில் இருந்த பெரியவரிடம் கேட்டு எழுதுகிறேன். ஆனித் தேரோட்டத்துக்கு வரும்போது உங்கள் கணக்குப் பிரிவு ஆள் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வா, அவரும் பெரியவரும் நேரிலேயே பேசிக்கொள்ளட்டும்.

அன்புடன்,
உன் மாப்ள
பாளையங்கோட்டை